இத்திரி வெள்ளம்

என் அம்மாவுக்கு ஏழு படங்கள் மனப்பாடம். அவற்றில் ஒன்றைக்கூட அவள் பார்த்திருக்கவில்லை.

இதை யாரும் லேசில் நம்புவதில்லை என்பதால் விளக்கிவிடுகிறேன். அம்மா பிறந்த வீடு நாகர்கோவிலுக்குக் கிழக்கே, மயிலாடிக்குப் போகிற வழியில் ஓர் ஊரில் இருந்தது. அவளுடைய அப்பா சபையில் உபதேசியார். சினிமா பார்க்கிறவர்களுக்குத் திருவிருந்து கிடையாது என்று ஆலயத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்த காலம். கர்த்தரின் சோதனையோ என்னவோ, உபதேசியார் வீட்டுக்குப் பின்னாலேயே ஒருவர் தகரக் கூரை போட்டு டாக்கீஸ் கட்டிவிட்டார். தினமும் சாயங்காலக் காட்சி, சனிக்கிழமை மத்தியானமும் உண்டு. புழுக்கம் தாங்காமல் பக்கக் கதவுகளைத் திறந்து போடுவார்கள். வசனமும் பாட்டும் நேரே இவர்கள் அடுக்களைக்கு வந்து சேரும்.

"பாக்கப்பிடாதுன்னுதான் அப்பா சொன்னாரு. கேக்கப்பிடாதுன்னு சொல்லலியே" என்பாள் அம்மா. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. புறவாசல் சுவரோரம் உட்கார்ந்து ஒரு பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, இன்னொரு பக்கம் படத்தில் வரும் அத்தனை பாத்திரமாகவும் பேசுவாள். ஒரு படம் ஐந்து வாரம் ஓடினால் ஐந்து வாரமும் அதே பேச்சு. கதாநாயகி வெறுங்காலோடு நடக்கிறாளா, கொலுசு போட்டு நடக்கிறாளா என்பது அவளுக்குத் தெரியும். ஒரு செருமலை வைத்தே நடிகரைச் சொல்லிவிடுவாள். கல்யாணமாகிப் போன வீடும் சபைக்கார வீடுதான். அங்கேயும் படம் பார்க்கிற வழக்கம் இல்லை. பிற்பாடு டிவி வந்தபோதும், அடுத்த அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பழைய படங்களைக் கேட்டாளே தவிர, திரும்பிப் பார்க்கவில்லை. "நல்ல படம்னா கண்ண மூடிட்டு இருந்தாலும் தெரியணும்" என்பது அவள் கட்சி.

நான் நேர் எதிர். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குள்ள ஒரே கெட்ட பழக்கம் கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பது. அந்தக் காலத்துப் படங்களில் வெளிச்சமே பாதி நடிப்பை நடித்துவிடும். ஜன்னல் கம்பியின் நிழல் ஒரு பெண்ணின் கன்னத்தில் விழுந்தால் போதும், அவள் சிறையில் இருக்கிறாள் என்று வேறு யாரும் வந்து சொல்ல வேண்டாம். இப்போதுள்ளவர்கள் அதே இடத்தில் நாற்பது வயலினைக் கூட்டிவந்து நம் காதைத் திருகுகிறார்கள். இதைச் சொன்னால் என் மகள், "ஆரம்பிச்சாச்சா" என்பாள்.

ஏழு படங்களில் அம்மாவுக்கு உயிரான படம் ஒன்று உண்டு. பெரிய வீட்டுக்கு மருமகளாக வந்த ஒருத்தியின் மேல் புருஷனின் சித்தப்பா வீண் பழி போட்டு, அவளை ஒரு அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறான். சங்கிலி விழும் சத்தம். அதன் பிறகு அவள் அழுது கேட்பாள்: "இத்திரி வெள்ளம் தா மக்களே!" உடனே சித்தப்பாக்காரன் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுச் சொல்லுவான்: "கதறு! நன்றாகக் கதறு! உன் குரலைக் கேட்க இங்கே ஒருவரும் இல்லை!"

இதை அம்மா நடித்துக் காட்டும்போது எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். அந்த "மக்களே"யை ஒரு மாதிரி இழுப்பாள். தொண்டை வறண்டு, காற்று மட்டும் வருவது மாதிரி. "எத்தனையோ நடிகைமாரு அழுது கேட்டிருக்கேன். இவள மாதிரி ஒருத்தி அழுததில்ல" என்பாள். இத்திரி என்றால் கொஞ்சம், வெள்ளம் என்றால் தண்ணீர், சினிமாவில் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றும் விளக்குவாள். எங்கள் தெருவில் தண்ணி என்றுதான் சொல்லுவோம். வெள்ளம் என்றால் ஐப்பசி மழையில் வயலுக்குள் வருவது. மக்களே என்று அவள் கூப்பிடுவது கொட்டகையில் இருக்கிற ஜனங்களை என்பதும் அம்மாவின் விளக்கம்தான்.

எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போனது. யாருக்காவது தாகம் எடுத்தால், "இத்திரி வெள்ளம் தா மக்களே" என்று தொண்டையை நெரித்துக்கொண்டு கேட்க வேண்டும். மற்றவர்கள் வில்லன் சிரிப்பு சிரித்துப் பதில் வசனம் சொன்ன பிறகுதான் டம்ளர் கைக்கு வரும். நானும் என் தம்பியும் அப்படி வளர்ந்தோம். என் மகளையும் அப்படியே வளர்த்தேன். அம்மாவுக்கு அந்தக் காட்சியில் ஒரே ஒரு குறை. படம் மாறுவதற்கு முந்திய நான்கு நாள் அந்த வசனம் வரவில்லை. "ஆப்பரேட்டர் பாவி ரீல வெட்டிப்புட்டான்" என்று எழுபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கட்டிக்கொடுத்தது மேற்கே, குழித்துறைப் பக்கம். போன முதல் நாள் மாமியார், "இத்திரி வெள்ளம் எடு மக்களே" என்றார். இவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார் போல என்று நினைத்து நான் சிரித்துத் தொலைத்தேன். அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர் என்று பிறகு தெரிந்தது. நானும் அப்படியே பேசப் பழகினேன். ஆனாலும் இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒரு நாளும் தோன்றவில்லை. சினிமா வெள்ளம் மனசில் ஒரு இடத்திலும், மாமியார் வெள்ளம் வேறொரு இடத்திலும் கிடந்தன. என் புத்தியை என்னவென்று சொல்ல. என் வீட்டுக்காரரோ, நான் அவருடைய ஊர்ப் பேச்சைக் கேலி செய்கிறேன் என்றே நினைத்திருக்கிறார்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். எண்பதை நெருங்குகிற வயது. போன வருஷம் நாகர்கோவிலில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தோம். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, சுவரில் பல்லி ஓடுவதுகூடத் தெரிகிறது என்று பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, கண்ணு தெளிஞ்சாச்சு. சாவுகதுக்கு முந்தி அந்த ஒருத்திய மட்டும் பாக்கணும். வெள்ளம் கேப்பாளே, அவ மொகத்த ஒருக்க பாத்தா போதும்" என்றாள்.

அந்தப் படம் எந்த டிவியிலும் வராது. பிரதியே அழிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் ஆனி மாதம் யாரோ ஒரு புண்ணியவான் அதை இணையத்தில் ஏற்றிவைத்திருந்தார். தேய்ந்த பிரதி, கீறல் கீறலாக மழை பெய்துகொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டுக் காட்டாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அம்மாவின் ஆசையை நிறைவேற்றப்போகிற பெருமையில் இருந்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். வெளியே சாரல். அம்மா தலைக்குக் குளித்து, ஆலயத்துக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

முதல் அரை மணி நேரம் சிரிப்பாகத்தான் போனது. வில்லனைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பெரிய ஏமாற்றம். "இந்தப் பச்சப்பிள்ள மூஞ்சிக்காரனா அந்தச் சிரிப்பு சிரிச்சான்?" என்றாள். அவன் கைத்தடி தரையில் இடிக்கும் சத்தத்தை வைத்து அவனை நொண்டி என்று எழுபது வருஷமாக நம்பியிருக்கிறாள். அவனோ ஜம்மென்று நடந்தான்.

பிறகு அவள் வசனம் பேச ஆரம்பித்தாள். நடிகர்கள் பேசுவதற்கு அரை வினாடி முன்னால். புருஷன், மாமனார், வேலைக்காரி, வைத்தியர் எல்லாருடைய பேச்சும் முதலில் அம்மா வாயிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு திரையில் உதடுகள் அசைந்தன. அந்தப் படத்தில் நடித்த ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. செத்துப்போனவர்கள் வரிசையாக வந்து, அம்மா எடுத்துக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குக் கை சில்லிட்டது. மின்விசிறியைக் குறைத்துவைத்தேன்.

அந்த இடம் வந்தது. கதவு மூடியது, சங்கிலி விழுந்தது. அம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

திரையில் கதாநாயகியின் முகம் மட்டும். பாதி வெளிச்சம், பாதி இருட்டு. காமிரா அசையவில்லை. பின்னணி இசை இல்லை. கொட்டகையையே கிழிக்கிற மாதிரி பாட்டும் கூச்சலுமாக வந்த படம் அந்த இடத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டது. அவள் அழவுமில்லை. கண்ணீர் கீழிமையில் தேங்கி நிற்கிறது, விழமாட்டேன் என்கிறது. எடுத்தவன் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும், இதுதான் சினிமா என்று நான் மனசுக்குள் துள்ளினேன்.

அந்த மௌனத்துக்குள் அம்மாவின் குரல் கேட்டது. "இத்திரி வெள்ளம் தா மக்களே."

திரையில் உதடுகள் அசையவில்லை.

சில வினாடி கழித்து வில்லன் சிரித்தான். "கதறு! நன்றாகக் கதறு!" என்றான்.

"ஏட்டி, வாயே அசையலியே" என்றாள் அம்மா. "திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். மூன்று தடவை. முகம், மௌனம், சிரிப்பு. பிரதியில் வெட்டு விழுந்திருக்கும் என்றேன். ஆனால் வெட்டு இல்லை. காமிரா ஒரே மூச்சில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, நாற்பது வினாடி. நானே எண்ணினேன். மூன்றாம் தடவை அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டுக் காட்டினாள். கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் ஒரு பானை. மேலே கவிழ்த்த செம்பு.

"பக்கத்துலயே தண்ணி இருக்கே. பின்ன அவ எதுக்குக் கேட்டா?"

தூக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர்தான் பேசினார். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "மாமி, அது எங்க ஊரு பேச்சு இல்லியா? மெட்ராசு நடிகை எப்பம் வெள்ளம் கேட்டா? அவ தண்ணீர்னுல்லா கேப்பா. மாமிக்க வீட்டுக்குப் பின்னால எங்க பக்கத்து ஆளு யாரும் இருந்தினுமா?"

நான் படத்தை நிறுத்தினேன். அந்த முகம் திரையில் அப்படியே நின்றது.

அம்மா முந்தானையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். வேண்டாம், அந்தப் பேச்சை விடுவோம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவளே தொடங்கினாள்.

"கொட்டகைக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு வீடு உண்டும்" என்றாள். "பெரிய வீடு. அவுக நெல்லு போடுக அறை எங்க புறவாசலப் பாத்துதான் இருக்கும். நடுவுல ஒரு ஆளு நடக்குக முடுக்குதான். அந்த வீட்டு மருமொவ மேக்கேருந்து வந்தவ. பிள்ள பெத்த பொறவு புத்தி பெசகிப் போச்சுன்னு சொன்னாவ. தாய் வீட்டுக்கு அனுப்பியாச்சுன்னும் சொன்னாவ."

"பொறவு?" என்றேன்.

"படம் மாறுன வாரம் அடக்கம் நடந்துது. காய்ச்சல்னு சொன்னாவ. எங்க அப்பாதான் ஜெபம் பண்ணுனாரு. நா பாட்டுப் படிச்சேன். மொகத்தத் துணி போட்டு மூடியிருந்தாவ."

சாரல் ஜன்னலில் அடித்தது. அம்மா நிறுத்திவைத்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆப்பரேட்டர் ரீல வெட்டல, ஏட்டி" என்றாள்.

நெல் அறைக்குள் அடைபட்ட அந்தப் பெண் நாள் முழுவதும் கேட்டிருப்பாள். பகலில் எல்லா வீட்டிலும் உரலும் அம்மியும் பேச்சும் கூச்சலும். படம் ஓடும்போது பாட்டும் வசனமும் அவளை அமுக்கிவிடும். ஊர் முழுக்க மூச்சடக்கி நிற்கிற அந்த நாற்பது வினாடியில்தான் அவள் குரல் முடுக்கைத் தாண்டியிருக்கிறது. நான் காப்பு போட வேண்டும் என்று கொண்டாடிய அதே நாற்பது வினாடி. கொட்டகைக்குள் இருந்தவர்கள் அந்த முகத்தில் மயங்கிக் கிடந்திருப்பார்கள். கேட்டது ஒரே ஒரு பிள்ளைதான். அவளுக்கும் அது சினிமாவாகப் போயிற்று, வெள்ளம் என்ற ஒரு சொல்லினால்.

அம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினாள். "ஒங்க ஊர்ல மக்களேன்னு சொன்னா எத்தன பேரு?"

அவர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "ஒரு பிள்ளையத்தான் மாமி அப்படிச் சொல்லுவோம்" என்றார் மெதுவாக. "எனக்க அம்ம என்னைய மக்களேன்னுதான் கூப்பிடும்."

"கொட்டகையில இருக்க ஆளுவளக் கூப்பிடுகான்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "சொவருக்கு இந்தப் பக்கம் நா பேசுகது அவளுக்குக் கேட்டிருக்கு. என்னையத்தான் கூப்பிட்டிருக்கா." பிறகு என்னைப் பார்த்தாள். "நா பதில் சொன்னேன் இல்லியா, ஏட்டி. தினமும் சொன்னேன். சிரிச்சிட்டு சொன்னேன்."

என்ன பதில் என்று கேட்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. அந்தச் சிரிப்பை நான் சிரித்திருக்கிறேன், என் தம்பி சிரித்திருக்கிறான், என் மகள் சிரித்திருக்கிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் எத்தனை ஆயிரம் தடவை. அம்மா அப்போது பத்து வயதுப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும் என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் மண்டையை ஆட்டினாளே தவிர, எதுவும் உள்ளே போகவில்லை.

அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தோம். வீடும் இல்லை, கொட்டகையும் இல்லை. டைல்ஸ் கடை இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் அம்மாவுக்கே தெரியவில்லை. மேக்கத்தியாள் என்றுதான் ஊரில் சொல்லுவார்களாம். அவளுடைய முகத்தையும் அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அதன் பிறகு வீடு ஊமையாகிவிட்டது. அம்மா ஏழு படங்களில் எதையும் பேசுவதில்லை. மத்தியானங்களில் மட்டும் அந்தப் படத்தைப் போடச் சொல்லுவாள், அந்த இடம் வரைக்கும். சங்கிலி விழுந்ததும் காதை டிவிப் பக்கம் சாய்ப்பாள். நாற்பது வினாடி. வில்லன் வாயைத் திறப்பதற்குள் நிறுத்தச் சொல்லிவிடுவாள். என்ன கேட்கிறாள் என்று நான் கேட்டதில்லை. எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. அடுக்களையில் மிக்சி நின்றதும் அடுத்த வேலைக்குக் கை போகமாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் மூடியைத் திறக்கிறேன்.

மஸ்கட்டில் இருக்கும் மகளிடம் இதையெல்லாம் நாங்கள் சொல்லவில்லை. போனில் சொல்லுகிற விஷயமா இது? அங்கேதான் நான் தப்பு செய்தேன்.

போன வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், லீவு நாள், மகள் வீடியோவில் வந்தாள். அவள் பிள்ளைக்கு ஐந்து வயது. அம்மாவைப் பார்த்ததும் அது குதித்துக்கொண்டு காமிராவுக்கு முன்னால் வந்தது. "புதுசா ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்கேன், கேளுங்க" என்றாள் மகள். நான் புரிந்துகொண்டு கையை நீட்டுவதற்குள் பிள்ளை தொண்டையைப் பிடித்துக்கொண்டது.

"இத்திரி வெள்ளம் தா மக்களே!"

அந்த இழுப்பு அப்படியே வந்தது. அம்மாவிடமிருந்து எனக்கும், என்னிடமிருந்து மகளுக்கும், இப்போது இந்தப் பிள்ளைக்கும். சொல்லிவிட்டுக் கண்ணை அகல விரித்துக் காத்திருந்தது, இந்தப் பக்கம் யாராவது சிரிக்க வேண்டும் என்று.

அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பானை மூடி நகரும் சத்தம் கேட்டது. பிள்ளைக்குப் பொறுமை இல்லை. அதுவே சிரித்து, அதுவே பதிலும் சொல்லியது. "கதறு! நன்றாகக் கதறு! உன் குரலைக் கேட்க இங்கே ஒருவரும் இல்லை!"

"இருக்கேன் மக்களே" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "கேட்டுது. இந்தா கொண்டு வாறேன்."

எனக்குத் தெரிந்து அம்மா அந்த இழுப்பில்லாமல் ஒருவரை மக்களே என்று கூப்பிட்டது அன்றுதான். விளிம்பு வரைக்கும் நிரப்பிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தச் சிந்த நடந்து வந்து, போனுக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தா வெள்ளம். குடி."

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. இது புது விளையாட்டு என்று நினைத்திருக்கும். அம்மா டம்ளரை இறக்கவில்லை.